ஊசி முதலில், கப் பிறகு: கழுத்து, தோள் வலிக்கு இரண்டையும் சேர்த்து எடுப்பதற்கான முழு வழிகாட்டி

"ஏனுங்க, போன தடவ மாதிரி கருப்பா வரலையே, சரியாப் புடிக்கலீங்களா?"

திருப்பூரில் பவர் டேபிள் டெய்லராக இருக்கும் ஒரு அண்ணன் கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு உள்ளே வரும்போது வலப்பக்கம் தலை பாதிகூடத் திரும்பவில்லை. நான் அக்குபங்சர் ஊசி போட்டு, பிறகு கப்பிங் செய்து, அதாவது காற்றைக் குறைத்துத் தோலைக் கவ்வும் கப்பை வைத்து எடுத்த பிறகு முக்கால்வாசி திரும்பியது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கப் வைத்த இடத்தில் விழும் வட்டம் கருக்கவில்லை என்பதுதான் அவருக்குக் குறை.

கப்பிங் எடுத்துக்கொள்ளும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு 'கழிவு' வெளியே வந்துவிட்டதாம். வைத்துவிடுகிறவர்களில் சிலரும் அதையே சொல்லி, படம் பிடித்துக் காட்டுகிறார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். மாத்திரைக்கு மில்லிகிராம் இருப்பதுபோல கப்பிங்குக்கும் டோஸ் உண்டு. எவ்வளவு இழுக்கிறோம், எத்தனை நிமிஷம் விடுகிறோம், கப்பின் வாய் எவ்வளவு அகலம், மொத்தம் எத்தனை கப் என்ற நான்கும் சேர்ந்ததுதான் அந்த டோஸ். அக்குபங்சரோடு சேர்க்கும்போது இன்னும் குறைவாகவே தேவைப்படும், ஏனென்றால் பாதி வேலையை ஊசி முன்பே செய்து முடித்திருக்கும். கீழே உள்ள படிகளை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

கப் என்ன செய்கிறது?

கை வைத்துப் பிடித்துவிடுவது சதையை அழுத்தும். கப் அதற்கு நேரெதிராக, தோலையும் அதற்கடியில் உள்ள சதை உறையையும் மேலே தூக்கும். கப்புக்குள் காற்று குறையும்போது தோல் உள்ளே உப்பும், அந்த இடத்துக்கு ரத்தம் பாயும், இறுகிக் கிடந்த இடம் சூடாகித் தளரும். இழுவை அதிகமானால் மெல்லிய ரத்தத் தந்துகிகள் உடைந்து, சிவப்பணுக்கள் தோலுக்கடியில் கசியும். அந்த ஊதா வட்டம் இதுதான். கதவில் இடித்துக்கொண்டால் கன்றிப்போகுமே, அதே சங்கதி. சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைவதும் அதே காரணத்தால்தான்: கசிந்த ஹீமோகுளோபினை உடம்பு உடைத்து அகற்றும்போது அந்த நிறங்கள் வருகின்றன. உடம்பின் கழிவை அகற்ற கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. முதுகுத் தோலுக்கு அந்த வேலை கிடையாது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் அந்த வட்டங்களை உலகமே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு நம்மூரிலும் கப்பிங் பலகைகள் பெருகின. ஆனால் சங்கதி மிகப் பழையது. எகிப்தின் பழைய மருத்துவச் சுவடியான ஈபர்ஸ் பாப்பிரஸ் ஏறக்குறைய கி.மு. 1550-ஐச் சேர்ந்தது, அதில் இதற்கான குறிப்பு உண்டு. சீனாவில் நான்காம் நூற்றாண்டில் கோ ஹொங் கொம்பை வைத்துச் சீழ்க் கட்டியை உறிஞ்சும் முறையை எழுதிவைத்தார். நம் நாட்டின் பண்டைய அறுவை மருத்துவர் சுஸ்ருதர் ரத்தம் வாங்கக் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை மூன்றையும் சொல்கிறார். சுரைக்குடுக்கைக்குள் விளக்கை வைத்துக் காற்றைக் குறைப்பதும் அதில் அடக்கம். இன்றைய தீக் கப்பிங்கின் பாட்டி அது. நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவங்களிலும் கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் என்று வரிசையாக இருக்கின்றன. யுனானியில் இதன் பெயர் ஹிஜாமா, மலேசியாவில் பெக்காம்.

அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்த கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸ் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதே குழுவில் இருந்த பி.கே. பாசு பிற்பாடு மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, 1959 வாக்கில் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். மத்திய சுகாதாரத் துறை இதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது 2019-ல்.

சீனத்தில் ஒரு சொலவடை உண்டு: ஊசியும் மொக்சாவும் (மூலிகையை எரித்துப் புள்ளிக்குச் சூடு காட்டுவது) கப்பும் சேர்ந்தால் நோய் பாதி குணம். பாதி என்றுதான் சொன்னார்கள்! நம்மூர் நோட்டீஸ்களில் அந்தப் பாதி எப்படியோ நூறு சதவீதம் ஆகிவிட்டது.

படி 1: யாருக்கு வைக்கக் கூடாது

முதல் படியே தடைதான். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள் (டெங்கு வந்து சில நாளே ஆனவர்களும் சேர்த்துத்தான்) கப் பக்கம் போகவே வேண்டாம். குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வரக் கூடாது. கப்புக்காக மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது கப்பைவிடப் பெரிய ஆபத்து.

காயம், சொறி, படை, எக்சிமா, வெயிலில் கருகிய தோல், மச்சம், துருத்திய மரு இவற்றின் மேல் கப் கூடாது. சுருண்டு புடைத்த ரத்த நாளத்தின் மேல் கூடாது. கெண்டைக்கால் நாளத்துக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே கூடாது. புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், கழுத்தின் முன்பக்கம், கண்ணைச் சுற்றி, எலும்பு துருத்தும் இடம் எல்லாம் விலக்கு. காயம் ஆறினால் தடித்துப் புடைக்கும் தோல் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் கப் வைப்பதில்லை. ஊசியிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் எல்ஐ 4, உள் கணுக்காலுக்கு மேலே இருக்கும் எஸ்பி 6, தோளின் மேல் இருக்கும் ஜிபி 21 போன்ற புள்ளிகளைப் (இந்த எழுத்தும் எண்ணும் அக்குபங்சர் புள்ளிகளின் குறியீடு) பாரம்பரியமாகவே தவிர்க்கிறார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றால்கூடச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும், தோல் காகிதம்போல மெலிந்த வயதானவர்களுக்கும் டோஸைப் பாதியாகக் குறைப்பேன், இல்லையென்றால் ஊசியோடு நிறுத்திக்கொள்வேன். இதை நான் கற்றது ஒரு தப்பிலிருந்து. தொழிலுக்கு வந்த புதிதில், 70 வயதை நெருங்கிய ஒரு அம்மாவுக்குத் தொடையில் கப் வைத்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது மணி 20 நிமிஷத்தைத் தாண்டியிருந்தது. கப்புக்குள் புளியங்கொட்டை அளவில் மூன்று கொப்புளங்கள், தண்ணீர் கோத்துக்கொண்டு. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை, வலியே தெரியவில்லை. "ஒண்ணும் பண்ணலையே சாமி" என்றார். ஆறுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அன்றிலிருந்து கப் வைத்தால் டைமர் ஓடும், நான் அறையை விட்டு நகர மாட்டேன்.

படி 2: இது ஊசிக்கான வலிதானா?

கழுத்து, தோள் வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தசைதான் காரணம். மிஷின் முன்னாலோ லேப்டாப் முன்னாலோ எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் அது இறுகாமல் என்ன செய்யும்? ஆனால் இடது தோளில் தொடங்கிக் கைக்கு இறங்கும் வலி, கூடவே வியர்வை, நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல் என்றால் அது தோள் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. கப்பைத் தொடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் பொருள் நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் போவது தெரியவில்லை, இரவில் வலி எழுப்புகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, காய்ச்சலோடு முதுகு வலிக்கிறது, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர், ஸ்கேன், அப்புறம்தான் இங்கே.

இதெல்லாம் இல்லையென்றால் ஒரு அளவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பி, தோளுக்கு நேராக எந்தப் பொருள் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துவையுங்கள்: கதவின் தாழ்ப்பாளா, காலண்டரா? வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று சொல்லப்போவது இந்தத் தாள்தான்.

படி 3: வரும் நாள்

வெறும் வயிற்றோடு வர வேண்டாம், பிரியாணி சாப்பிட்ட கையோடும் வர வேண்டாம். ஒன்றரை மணி நேரம் முன்னால் நான்கு இட்லி சரியாக இருக்கும். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்தவர்கள்தான் ஊசியில் மயங்குகிறார்கள். முதல் நாள் முதுகை ஷேவ் செய்ய வேண்டாம். சின்னக் கீறல்களின் மேல் கப் வைக்க முடியாது. எண்ணெய் தேய்க்காமல் வாருங்கள். அடுத்த வாரம் கல்யாணம், முதுகு தெரிகிற ஜாக்கெட் போடப்போகிறீர்கள் என்றால் அதையும் முன்னாலேயே சொல்லுங்கள். ஊசி மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

படி 4: ஊசி

அக்குபங்சர் ஊசி ஒரு முறை மட்டும் பயன்படுத்துவது. கவரை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். பருமன் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர். ஆஸ்பத்திரியில் போடும் 23 கேஜ் ஊசி 0.6 மில்லிமீட்டர், அதுவும் உள்ளே துளையுள்ளது. ஆகவே பயந்த அளவுக்கு வலிக்காது. ஏறியதும் சுருக்கென்று ஒரு கடி, அப்புறம் கனமாக, மந்தமாக, உள்ளே ஏதோ இழுப்பதுபோல ஓர் உணர்வு வரும். சீன மருத்துவர்கள் அதைத் 'தே சி' என்பார்கள். ஷாக் அடித்ததுபோல விரல் நுனிவரை ஓடினால் அது நரம்பில் பட்டது. உடனே சொல்லுங்கள், ஊசியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

கழுத்து இறுக்கத்துக்கு நான் தூரத்துப் புள்ளியில்தான் தொடங்குவேன். கையை முஷ்டி பிடித்தால் சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கைக் கோடு முடியும் இடத்தில் எஸ்ஐ 3 இருக்கிறது. அங்கே ஊசியை ஏற்றிவிட்டு, உட்கார்ந்தபடியே மெதுவாகத் தலையைத் திருப்பச் சொல்வேன். சிலருக்கு அதிலேயே கால்வாசி இளகிவிடும். பிறகுதான் குப்புறப் படுக்கவைத்து, பிடரியின் ஜிபி 20, தோள்பட்டை எலும்பின் மேலுள்ள எஸ்ஐ 11, கையால் தடவும்போது "ஆ, அங்கதான்" என்று கத்தவைக்கும் இடங்கள்.

அந்த "அங்கதான்" பெரும்பாலும் ஜிபி 21: கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், பை மாட்டும் இடம். ஆபத்தான புள்ளியும் அதுதான். நுரையீரலின் நுனி அதற்கு அடியிலேயே இருக்கிறது. நேராக ஆழமாக இறக்கினால் நுரையீரல் உறை கிழிந்து காற்று கசியலாம். சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்து, ஆழமில்லாமல் சாய்வாகத்தான் ஏற்ற வேண்டும். உங்களுக்குப் போடுகிறவர் அந்த இடத்தில் சதையைத் தூக்கிப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். அவர் கை பழகியதா என்பது அந்த ஒரு அசைவிலேயே தெரிந்துவிடும்.

15 முதல் 20 நிமிஷம் அப்படியே. நடுவில் தலை சுற்றினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, கண் இருட்டினாலோ சொல்லுங்கள். ஊசிகளை எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் தெளிந்துவிடும். அன்றைக்குக் கப் கிடையாது.

படி 5: ஊசிக்கும் கப்புக்கும் நடுவே

அவசரக்காரர்கள் தவறவிடும் படி இது. ஊசியை எடுத்ததும் ஒவ்வொரு துளையையும் காய்ந்த பஞ்சால் கொஞ்ச நேரம் அழுத்த வேண்டும். ரத்தப் பொட்டு வந்தால் நிற்கும்வரை அழுத்தி, அந்த இடத்தை விட்டுத் தள்ளிக் கப்பை வைக்க வேண்டும். புதுத் துளையின் மேல் கப் வைத்தால் இழுவையில் ஒரு சொட்டு ரத்தம் மேலே வரும். பார்க்கச் சின்னச் சொட்டுதான். ஆனால் அந்த நொடியிலிருந்து அந்தக் கப் ரத்தம் பட்ட கருவி. வெறும் துணியால் துடைத்து அடுத்தவருக்கு வைக்கவே கூடாது.

ஊசிகளை எண்ணுவதும் இங்கேதான். போட்டது ஒன்பது, எடுத்தது ஒன்பது. தலைமுடிக்குள் மறைந்திருக்கும் ஜிபி 20 ஊசியோடு ஒருவர் வீட்டுக்குப் போன கதையை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் சொல்வார்கள்.

ஊசி குத்தியிருக்கும்போதே அதன் மேல் கப்பைக் கவிழ்க்கும் முறையும் சீனத்தில் உண்டு. இடுப்பு, தொடை மாதிரி சதைப்பற்றான இடத்தில் நன்கு பயின்றவர்கள் செய்கிறார்கள். மேல்முதுகிலும் தோளிலும் நெஞ்சைச் சுற்றியும் வேண்டவே வேண்டாம். கப் சதையை மேலே இழுக்கும்போது ஊசி அதே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். உண்மையில் சதை ஏறிய அளவுக்கு ஊசி ஆழமாகப் போயிருக்கும். கப்பின் அடிப்பாகம் ஊசித் தலையில் இடித்தால் இன்னும் மோசம்.

முதலில் கப், பிறகு ஊசி என்று மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. கப் எடுத்த இடம் உப்பி, தொட்டாலே கூசும். அதில் சரியான புள்ளியைத் தடவிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம், உடைந்த தந்துகிகளுக்குள் ஊசி ஏற்றினால் கன்றலும் கூடும்.

படி 6: கப்

கடையில் கிடைக்கும் செட்டில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கப்பும் துப்பாக்கி மாதிரி ஒரு பம்ப்பும் இருக்கும். தொடங்குகிறவருக்கு இதுதான் நல்லது. எத்தனை இழுப்பு என்று எண்ணலாம், அதிகமானால் வால்வைத் தொட்டுக் குறைக்கலாம், தீ கிடையாது. முதல் தடவை ஒருவருக்கு நான் கொடுக்கும் டோஸ் இது: இரண்டு தோளிலும் இரண்டிரண்டாக நான்கு கப், ஒன்று அல்லது இரண்டு இழுப்பு, ஐந்து நிமிஷம். தோல் ஒரு சென்டிமீட்டர் எழும்பினால் தாராளம். படுத்திருப்பவருக்கு 'நல்லா இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு' என்று தோன்ற வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார் என்றால் டோஸ் தாண்டிவிட்டது. அடுத்தடுத்த தடவைகளில் பத்து நிமிஷம் வரை போகலாம். பதினைந்துக்கு மேல் எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை. இரண்டு கப்புக்கு நடுவில் இரண்டு விரல் இடம் விடுங்கள். நெருக்கி வைத்தால் நடுவில் இருக்கும் தோல் இரு பக்கமும் இழுபட்டு எரியும்.

முதுகெலும்பின் மேல் நேராக வைப்பதைவிட இரு பக்கத் தசையில் வைப்பது நல்லது. எலும்பின் மேல் கப் நிற்காது, காற்று உள்ளே புகுந்து 'டப்' என்று கழன்றுவிடும்.

கண்ணாடிக் கப்பும் தீயும் பார்க்க அழகு. பிடிக்கும்போது வரும் அந்தச் சூடு இதமாகவும் இருக்கும். செய்முறை இது: ஃபோர்செப்ஸில் (இடுக்கியில்) பஞ்சைக் கவ்வி, ஸ்பிரிட்டில் நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து, பற்றவைத்து, கப்புக்குள் நடுவில் ஒரு நொடி காட்டி, வெளியே எடுத்தவுடன் கப்பைக் கவிழ்க்க வேண்டும். தீ உடம்புக்கு மேலே வரவே கூடாது. பக்கவாட்டில் காட்டிவிட்டுக் கப்பைத்தான் கொண்டுவர வேண்டும். விளிம்பைத் தீ நக்கினால் தோலில் வட்டமாகச் சூடு விழும். இந்த முறையில் நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்: சொட்டிய ஸ்பிரிட், மேலே ஓடும் ஃபேன், தொங்கும் துப்பட்டா, சானிட்டைசர் காயாத கை. ஃபேனை நிறுத்தாமல் தீயைப் பற்றவைக்கிறவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். வீட்டில் யூடியூப் பார்த்துத் தீக் கப் வைப்பது கூடவே கூடாது.

கப்பை நகர்த்தும் முறை ஒன்றும் இருக்கிறது. முதுகில் தேங்காய் எண்ணெய் தடவி, லேசாக இழுத்த கப்பை மெல்ல மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போவது. வட்டம் அவ்வளவாக விழாது, பரந்த இறுக்கத்துக்கு நல்லது. ஆனால் ஊசித் துளைகளின் மேல் எண்ணெய் போகக் கூடாது என்பதால், இதைச் செய்யும் நாளில் அந்தப் பகுதியில் ஊசி போட மாட்டேன். கையிலும் காலிலும் இருக்கும் தூரத்துப் புள்ளிகளோடு சரி.

எடுக்கும்போது கப்பைப் பிடுங்க வேண்டாம். பம்ப் கப் என்றால் மேலே இருக்கும் வால்வைத் தூக்கினால் 'ஸ்ஸ்' என்று காற்று போகும். கண்ணாடி என்றால் விளிம்பை ஒட்டிய தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் தானே விடும். ஐந்து நிமிஷத்தில் வரும் ரோஜா நிற வட்டம் சில மணி நேரத்திலேயே மறையும். நன்றாகக் கன்றியது மறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். உடனே எழாதீர்கள். ஒரு நிமிஷம் பக்கவாட்டில் படுத்து, பிறகு உட்கார்ந்து, அந்தத் தாளை எடுத்துத் தலையைத் திருப்பிப் பாருங்கள். இப்போது எது தெரிகிறது, தாழ்ப்பாளா காலண்டரா?

ரத்தம் எடுக்கும் கப்பிங் வேண்டுமா?

தோலைக் கீறி, கப் வைத்து ரத்தம் எடுப்பதைத்தான் இங்கே பலரும் ஹிஜாமா என்கிறார்கள். அதைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் செய்வதில்லை என்று சொல்லிவிடுவேன். முஸ்லிம்கள் பலருக்கு அது மார்க்கம் சார்ந்த சுன்னத், அதாவது நபிவழி. பிறை 17, 19, 21 பார்த்து எடுப்பார்கள். அதில் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. எடுப்பதாக இருந்தால் அதற்கென்று படித்த யுனானி மருத்துவரிடம் எடுங்கள். புது பிளேடு, புதுக் கப், கையுறை, கூர்முனைப் பொருள்களைப் போடும் வெள்ளை நிறப் பெட்டி, ரத்தப் பஞ்சுக்கு மஞ்சள் பை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் கேட்பது இந்தப் பெட்டியையும் பையையும்தான். கழுவிய கப்பைத் திரும்ப வைக்கும் இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஹெபடைடிஸ் பி, சி-யாக இருக்கலாம்.

கப்பில் கூழ்போலத் திரண்டு வருவதைக் காட்டி 'கெட்ட ரத்தம்' என்பார்கள். வெளியே வந்து சில நிமிஷம் கப்பில் நின்ற எந்த ரத்தமும் அப்படித்தான் உறையும், யாருடையதாக இருந்தாலும். பெண்கள் இன்னும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்வாக இருக்கிறது என்று மாதாமாதம் ரத்தம் எடுத்தால் அந்தச் சோர்வு கூடத்தான் செய்யும். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

படி 7: வீட்டுக்குப் போன பிறகு

அன்றைக்குச் சுடுநீர்க் குளியலும் ஜிம்மும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். வட்டத்தின் மேல் தைலம் தேய்த்துத் தடவாதீர்கள். வட்டம் முழுதாக மறையும்வரை அதே இடத்தில் மறுபடி கப் கிடையாது. இந்த விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. அடுத்த நாள் கடினமாக வேலை செய்ததுபோல உடம்பு வலித்தால் அது சகஜம், இரண்டு நாள் இருக்கும்.

சின்னக் கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிவையுங்கள். பெரிதாக இருந்தாலோ, சீழ், சூடு, காய்ச்சல் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். மேல்முதுகிலோ தோளிலோ ஊசி போட்ட பிறகு நெஞ்சு குத்துவது, மூச்சு வாங்குவது, வறட்டு இருமல் என்று எது வந்தாலும், அன்று இரவே வந்தாலும் மறுநாள் வந்தாலும், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் "முதுகில் அக்குபங்சர் ஊசி போட்டேன்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை.

படி 8: எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது

ஊசி வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. கப் வாரத்துக்கு ஒன்று போதும், பல சமயம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான்காவது தடவைக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்ப்போம். வலி எட்டிலிருந்து ஐந்துக்கு வந்திருந்தால் தொடரலாம். ஆறு தடவைக்குப் பிறகும் எட்டு எட்டாகவே இருந்தால் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் அனுப்புவேன். பத்து, இருபது தடவைக்கு முன்பணம் வாங்கும் இடங்களில் இந்தக் கணக்கு நடக்காது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: நாள்பட்ட வலிக்கான அக்குபங்சர் பற்றி 39 சோதனைகளில் பங்கெடுத்த 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. முதுகு, கழுத்து, தோள், மூட்டுத் தேய்மானம், தலைவலி இவற்றில் ஊசி போடாதவர்களைவிட ஊசி போட்டவர்களுக்குத் தெளிவாகவே குறைந்தது. பொய் ஊசி (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உண்மையானதுபோலப் பாவனை செய்வது) போட்டவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது, ஆனால் இருக்கிறது. கப்பிங்குக்கு அந்த அளவு ஆதாரம் சேரவில்லை. கழுத்து, இடுப்பு வலிக்குக் கொஞ்ச நாளைக்கு உதவுவதாகச் சிறுசிறு சோதனைகள் சொல்கின்றன. முதுகில் வட்டம் விழுந்துவிட்டால் யாருக்கு உண்மையான கப், யாருக்குப் பொய்க் கப் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும், அதனால் சுத்தமான சோதனை செய்வதே கடினம். ஆகவே என் கணக்கில் ஊசிதான் சோறு, கப் தொடுகறி.

வீட்டில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சிலிகான் கப் வாங்கிக்கொள்ளுங்கள். கையால் அமுக்கி வைப்பது, இழுவை தானாகவே குறைவு. கெண்டைக்கால், தொடை, கைக்கு எட்டும் தோள் ஆகிய இடங்களில் மூன்று நிமிஷம், வாரம் ஒரு தடவை. ஊசி எந்தக் காலத்திலும் வீட்டில் கிடையாது.

டெய்லர் அண்ணன் ஐந்து தடவை வந்தார். மூன்றாவது தடவையிலேயே அவர் நாற்காலியின் உயரத்தைக் கேட்டேன். மேஜைக்கு அது மூன்று விரல் தாழ்வாக இருந்தது. அடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்ட பிறகு கப்பே தேவைப்படவில்லை, கடைசி இரண்டு தடவையும் எஸ்ஐ 3 ஊசி மட்டும்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, பைக் கண்ணாடியைப் பார்க்காமல் தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினார்.